என்பிஎஸ்-ஆ யுபிஎஸ்-ஆ? சேர்ந்த 30 நாளுக்குள்ள முடிவு பண்ண வேண்டிய ஃபார்ம்

என் அக்கா பொண்ணு போன மாசம் ஒரு சென்ட்ரல் கவர்ன்மெண்ட் ஆபீஸ்ல வேலைக்கு சேர்ந்தா, முதல் நாளே கையில ஒரு கட்டு ஃபார்ம் குடுத்து நிரப்பிட்டு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. ராத்திரி போன் பண்ணி "மாமா, இதுல பென்ஷனுக்கு என்பிஎஸ் யுபிஎஸ்னு ரெண்டு போட்டிருக்கு, செக்‌ஷன்ல கேட்டா எல்லாரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க, எதை டிக் பண்றது"ன்னு கேட்டா. நானும் போன வருஷம் இதே கேள்வியோட நாலு மாசம் அலைஞ்சு சர்க்குலர் எல்லாம் படிச்சு பேப்பர்ல கணக்கு போட்டு பார்த்தவன்தான், அவளுக்கு சொன்னத இங்கயும் எழுதி வெக்கறேன், ஏன்னா புதுசா சேர்றவங்களுக்கு கெடு வெறும் 30 நாள், அதுக்குள்ள யுபிஎஸ் வேணும்னு எழுதி குடுக்கலன்னா தானா என்பிஎஸ்லதான் இருப்பீங்க.

முதல்ல ரெண்டும் என்னன்னு சுருக்கமா. என்பிஎஸ்னா நேஷனல் பென்ஷன் சிஸ்டம், யுபிஎஸ்னா யூனிஃபைட் பென்ஷன் ஸ்கீம். 2004 ஜனவரி 1-க்கு அப்புறம் சென்ட்ரல் வேலைக்கு சேர்ந்தவங்களுக்கு (ராணுவம் தவிர) பழைய பென்ஷன் கிடையாது, என்பிஎஸ்தான். நம்ம சம்பளத்துல பேசிக் பிளஸ் டிஏல (அகவிலைப்படி) 10% பிடிப்பாங்க, கவர்ன்மெண்ட் 14% போடும், மொத்தமும் நம்ம பிரான் நம்பர்ல (நம்ம பேர்ல இருக்கற பென்ஷன் கணக்கு நம்பர்) சேரும், ரிட்டையர் ஆகும்போது 60% வரைக்கும் கையில வாங்கிக்கலாம், மிச்சம் 40%க்கு கண்டிப்பா ஆன்யுட்டி வாங்கணும், அதாவது இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட அந்தப் பணத்த குடுத்து மாசாமாசம் பென்ஷனா வாங்கிக்கறது. மாசம் எவ்வளவு வரும்னு யாரும் உத்தரவாதம் குடுக்க மாட்டாங்க. இதை எதிர்த்து யூனியன்கள் ரொம்ப வருஷமா போராடுனதுல 2023-ல அப்போ நிதித்துறை செயலரா இருந்த டி.வி. சோமநாதன் தலைமையில கமிட்டி போட்டு, 2024 ஆகஸ்ட்ல கேபினட் ஒத்துக்கிட்டு, 2025 ஏப்ரல் 1-லேர்ந்து வந்ததுதான் யுபிஎஸ். இதுலயும் நம்ம பிடித்தம் அதே 10%தான். கவர்ன்மெண்ட் 10% நம்ம கணக்குல போடும், கூட ஒரு 8.5% பொதுவான ஒரு பூலுக்கு போகும். அந்த 8.5% நம்ம பேர்ல இருக்காது, இத மறந்துடாதீங்க.

பதிலுக்கு யுபிஎஸ் என்ன குடுக்குது? 25 வருஷம் சர்வீஸ் இருந்தா கடைசி 12 மாச பேசிக்கோட சராசரியில பாதி, அதுக்கு மேல வேலையில இருக்கறவங்களுக்கு டிஏ ஏற மாதிரி டிஆர் (பென்ஷன் வாங்கறவங்களுக்கான அகவிலைப்படி). நமக்கு அப்புறம் ஹஸ்பண்டுக்கோ வைஃபுக்கோ அதுல 60%. 10 வருஷம் முடிச்சிருந்தாலே மாசம் 10,000க்கு கொறையாது. போக ஒவ்வொரு அரை வருஷ சர்வீஸுக்கும் கடைசி பேசிக் பிளஸ் டிஏல பத்துல ஒரு பங்குன்னு கணக்கு போட்டு ஒரு தொகை ரிட்டையர்மெண்ட் அன்னிக்கு மொத்தமா வரும், அதனால பென்ஷன் கொறையாது. கிராஜுவிட்டி, 300 நாள் வரைக்குமான லீவ் என்கேஷ்மெண்ட் எல்லாம் ரெண்டுலயுமே உண்டு, அதனால அத வெச்சு எதையும் முடிவு பண்ண வேணாம், சில பேர் யுபிஎஸ் எடுத்தா கிராஜுவிட்டி போயிடும்னு இன்னும் சொல்லிட்டு திரியறாங்க, அது தப்பு.

இப்ப கணக்குக்கு வருவோம். இது ஒரு உத்தேசக் கணக்குதான், சம்பளம் டிஏ இன்க்ரிமெண்ட் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 8% ஏறுது, என்பிஎஸ் பணம் வருஷத்துக்கு 9% வளருது, ஆன்யுட்டி 6.5% குடுக்குதுன்னு வெச்சுக்கறேன், உங்க நம்பர் வேறயா இருந்தா மாத்தி போட்டுக்கோங்க. கடைசி மாச சம்பளம் பேசிக்கும் டிஏயும் சேர்த்து ஒரு லட்சம்னு எடுத்துக்கலாம். 25 வருஷ சர்வீஸ்ல என்பிஎஸ்ல சுமாரா 80 லட்சம் சேர்ந்திருக்கும். கையில ஒரு ரூபா கூட எடுக்காம அவ்வளவையும் ஆன்யுட்டில போட்டாலும் மாசம் 43,000 சொச்சம்தான், அதுவும் சாகற வரைக்கும் அதே 43,000. யுபிஎஸ்ல டிஆரோட சேர்த்து ஏறக்குறைய 50,000ல ஆரம்பிக்கும், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஏறும், கூட 5 லட்சம் மொத்தமாவும் வரும். 25 வருஷம்ங்கற இடத்துல யுபிஎஸ் தெளிவா ஜெயிக்குது.

ஆனா அக்கா பொண்ணுக்கு வயசு 24. 60 வரைக்கும் 36 வருஷம். யுபிஎஸ்ல 300 மாசத்துக்கு மேல எத்தனை மாசம் உழைச்சாலும் அந்த பாதிங்கறது பாதிதான், ஏறாது. என்பிஎஸ்ல அந்த 11 வருஷமும் பணம் குட்டி போட்டுட்டே இருக்கும். அதே கணக்குல 36 வருஷத்துக்கு 1 கோடியே 22 லட்சம் வருது, முழுசா ஆன்யுட்டி போட்டா மாசம் 66,000. யுபிஎஸ் அதே 50,000தான், மொத்தமா வர்ற தொகை மட்டும் 7 லட்சத்து 20 ஆயிரமாகும். டிஆர் வருஷத்துக்கு 5% ஏறுச்சுன்னா அந்த 50,000 ஆறு வருஷத்துல 66,000ஐ தொட்டுடும், அதுக்கப்புறம் தாண்டிட்டே போகும், அதனால 66 வயசுக்கு மேல எவ்வளவு காலம் இருப்போம்ங்கறதுதான் கேள்வியே. போட்ட பணம் திரும்ப வர்ற ஆன்யுட்டியா எடுத்திருந்தா என்பிஎஸ்ல நமக்கு அப்புறம் அந்த 1 கோடியே 22 லட்சம் புள்ளைங்களுக்கு போகும், யுபிஎஸ்ல நாமளும் நம்ம துணையும் போனதுக்கு அப்புறம் ஒண்ணும் இல்ல. ஆக சின்ன வயசுல சேர்றவங்களுக்கு இது கண்ண மூடிட்டு முடிவு பண்ற விஷயம் இல்ல.

இந்தக் கணக்குல நிறைய பேர் விட்டுடற ஒரு விஷயம் பே கமிஷன், அதாவது கவர்ன்மெண்ட் ஊழியர் சம்பளத்த திருத்தற குழு. என்பிஎஸ்ல நம்ம பணம் அந்தந்த வருஷத்து சம்பளத்துல பிடிச்சது, 2016-க்கு முன்னாடி பிடிச்சது பழைய சம்பளத்துல பிடிச்சதுதான், புது பே கமிஷன் வந்தா அது ஏறாது. யுபிஎஸ் பார்க்கறது கடைசி 12 மாச பேசிக்க மட்டும்தான், அதனால ரிட்டையர் ஆகறதுக்கு முன்னாடி எத்தனை பே கமிஷன் வந்துதோ அத்தனையோட பலனும் பென்ஷன்ல வந்து உக்காந்துடும். ஏழாவது பே கமிஷன்ல பழைய சம்பளத்த 2.57ஆல பெருக்குனாங்க, அதுல 2.25 ஏற்கனவே இருந்த டிஏவ சேர்த்தது, மிச்சம் 14% சொச்சம் நிஜமான ஏத்தம். இன்னிக்கு சேர்ற பொண்ணு 36 வருஷத்துல இப்படி மூணு நாலு பார்க்கலாம். ரிட்டையர் ஆனதுக்கு அப்புறம் வர்ற பே கமிஷனுக்கு யுபிஎஸ்ல எந்த வாக்கும் குடுக்கல, டிஆர் ஏத்தம் மட்டும்தான் எழுதியிருக்கு, பழைய பென்ஷன் மாதிரின்னு நினைச்சு இத எடுக்காதீங்க.

ப்ரமோஷனும் அதே மாதிரிதான். கடைசி அஞ்சு வருஷத்துல ரெண்டு லெவல் ஏறுறவங்களுக்கு யுபிஎஸ் ரொம்ப லாபம்.

லேட்டா சேர்றவங்க கதையே வேற. எங்க ஆபீஸ்ல ஒரு அம்மா, வீட்டுக்காரர் சர்வீஸ்லயே தவறிட்டதால கருணை அடிப்படையில 48 வயசுல சேர்ந்தாங்க, 60 வரைக்கும் 12 வருஷம்தான். பேசிக் கடைசில 30,000ன்னு வெச்சாலும் யுபிஎஸ் ஃபார்முலாப்படி 15,000ஐ 144 மாசத்தால பெருக்கி 300 மாசத்தால வகுத்தா 7,200தான் வருது, ஆனா 10,000க்கு கொறையக் கூடாதுன்னு இருக்கறதால 10,000ஆ வரும், அதுக்கு மேல டிஆரும் உண்டு. என்பிஎஸ்ல அந்த 12 வருஷத்துக்கு மேல சொன்ன அதே கணக்குல, கடைசி சம்பளம் டிஏயும் சேர்த்து 45,000ன்னு வெச்சா, 16 லட்சம் சொச்சம் சேரும், 40%க்கு ஆன்யுட்டி வாங்குனா மாசம் 3,500தான் வரும். மிச்சத்த கையில வாங்கி பையன் கடன அடைக்கறேன்னு போயிடுச்சுன்னா அந்த 3,500லதான் காலம் தள்ளணும். அவங்ககிட்ட நான் யோசிக்காம யுபிஎஸ்னு சொன்னேன். ராணுவத்துலேர்ந்து வந்து நாப்பது வயசுல சேர்றவங்களும் இந்தக் கணக்க அவசியம் போட்டு பாருங்க.

இப்ப பணத்த விட பெரிய விஷயம், நமக்கு அப்புறம் யாருங்கறது. யுபிஎஸ்ல நமக்கு அப்புறம் வர்ற 60% ரிட்டையர் ஆன அன்னிக்கு சட்டப்படி யார் நம்ம துணையோ அவங்களுக்கு மட்டும்தான். அம்மா அப்பாவுக்கு இல்ல, புள்ளைங்களுக்கு இல்ல. என் கூட வேலை பாக்கற ஒருத்தருக்கு 19 வயசு பையன், பிறவியிலயே மூளை வளர்ச்சி இல்ல, அவனால தனியா வாழ முடியாது. பழைய பென்ஷன்ல அந்த மாதிரி புள்ளைக்கு ஆயுசுக்கும் ஃபேமிலி பென்ஷன் உண்டு, யுபிஎஸ்ல ரிட்டையர்மெண்டுக்கு அப்புறம் அது இல்ல. அவர் ஒரு ராத்திரி முழுக்க என் கூட உக்காந்து கணக்கு போட்டார், யுபிஎஸ்ல மாசம் வர்றது அதிகம்னு அவருக்கும் தெரிஞ்சுது, "நானும் அவளும் போன மறுநாள் அவன் கைல என்ன இருக்கும்"னு கேட்டார், என்கிட்ட பதில் இல்ல. அவர் என்பிஎஸ்லயே இருந்துட்டார், அது சரின்னுதான் நான் இன்னிக்கும் நினைக்கறேன். கல்யாணம் பண்ணிக்காதவங்க, துணைய இழந்தவங்க, வயசான அம்மாவ தனியா பாத்துக்கறவங்க எல்லாரும் இந்த இடத்துல நின்னு யோசிக்கணும். என்பிஎஸ்ல துணைக்கு அப்புறம் நம்ம அம்மா அப்பாவுக்கும் மாசாமாசம் வர்ற மாதிரி, கடைசியா போட்ட பணம் புள்ளைங்களுக்கு வர்ற மாதிரி ஆன்யுட்டி இருக்கு.

என் விஷயத்துல அது தலைகீழ். நான் 2009-ல சேர்ந்தேன், ரிட்டையர் ஆகும்போது 31 வருஷம் ஆகும். வீட்டம்மாவுக்கு வேலை இல்ல, என்னை விட ஆறு வயசு சின்னவங்க, பொண்ணு வேலைக்கு போயிட்டா. எனக்கு அப்புறம் அவங்க பதினஞ்சு வருஷமாவது இருக்கணும், பேங்க்லயும் ஷேர்லயும் பணத்த போட்டு பாத்துக்கற பழக்கம் அவங்களுக்கு கிடையாது, மாசாமாசம் ஒண்ணாந்தேதி பணம் வந்து விழணும், விலைவாசி ஏறுனா அதுவும் ஏறணும். நான் யுபிஎஸ் எடுத்தேன். என்ன மாதிரி பழைய ஆளுங்களுக்கு அந்த வாய்ப்பு 2025 நவம்பர் 30 ஓட முடிஞ்சிடுச்சு, முதல்ல ஜூன் 30ன்னு இருந்தத ரெண்டு தடவை தள்ளி வெச்சாங்க, இருந்தும் எடுத்தவங்க ரொம்ப சின்ன பங்குதான்.

யுபிஎஸ் எடுத்தாச்சுன்னா ஜாக்கிரதையா இருக்க வேண்டிய ஒண்ணு இருக்கு. அந்த பாதி பேசிக்ங்கறது நிபந்தனை இல்லாம வர்றது இல்ல. டீஃபால்ட் ஸ்கீம்ல (நாமளா எதையும் தேர்ந்தெடுக்கலன்னா பணம் தானா போற முதலீட்டு ஸ்கீம்) மாசம் தவறாம பணம் போட்டு நடுவுல எடுக்காம இருந்திருந்தா எவ்வளவு சேர்ந்திருக்குமோ அதுக்கு பெஞ்ச்மார்க் கார்ப்பஸ்னு பேரு. நம்ம கணக்குல நிஜமா இருக்கற பணம் அத விட கம்மியா இருந்தா பென்ஷனும் அதே விகிதத்துல கொறையும். பெஞ்ச்மார்க் ஒரு கோடி, நம்ம கிட்ட 90 லட்சம்னா 50,000க்கு பதிலா 45,000தான். பொண்ணு கல்யாணத்துக்கு எடுத்தது, வீடு கட்ட எடுத்தது, அதிகமா ஷேர்ல போடற ஸ்கீம எடுத்து அது சரியா போகாதது எல்லாம் இங்க வந்து நிக்கும். கடைசில கை காசு போட்டு சரி பண்ணிக்கலாம், அதிகமா இருந்தா அந்த அதிகம் நமக்கு வந்துடும். மொத்தமா வேணும்னு 60% எடுத்துட்டா பென்ஷன் 40%தான் மிஞ்சும், 50,000ங்கறது 20,000 ஆயிடும், அப்படி எடுக்கறதா இருந்தா என்பிஎஸ்லயே இருந்திருக்கலாம்.

எனக்கு முதல் வேலை பார்த்த ஆபீஸ்ல ஏழு மாச பிடித்தம் கணக்குல ஏறவே இல்ல, சம்பளத்துல பிடிச்சிருக்கு ஆனா பிரான் ஸ்டேட்மெண்ட்ல காணோம், ரெண்டு வருஷம் கழிச்சுதான் கண்டுபிடிச்சு மனு மேல மனுவா போட்டு சரி பண்ணேன், அதுக்குள்ள வளர்ந்திருக்க வேண்டிய பணம் வளரல. அதனால எந்த ஸ்கீம் எடுத்தாலும் பே ஸ்லிப்பையும் ஸ்டேட்மெண்டையும் மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது பக்கத்துல வெச்சு பாருங்க.

வேலைய நடுவுல விடற எண்ணம் இருக்கறவங்க இன்னும் ஒண்ணு பாக்கணும். யுபிஎஸ்ல ராஜினாமா பண்ணாலோ டிஸ்மிஸ் ஆனாலோ அந்த உத்தரவாத பென்ஷன் கிடையாது. விஆர்எஸ் (விருப்ப ஓய்வு) 20 வருஷத்துக்கு அப்புறம் வாங்கிக்கலாம், சர்வீஸுக்கு ஏத்த பங்கு உண்டு, ஆனா பணம் வர ஆரம்பிக்கறது 60 வயசுல ரிட்டையர் ஆகியிருக்க வேண்டிய தேதியிலேர்ந்துதான், 46ல விஆர்எஸ் வாங்குனா 14 வருஷம் காத்திருக்கணும். என்பிஎஸ்ல 20 வருஷத்துக்கு அப்புறம் விஆர்எஸ் வாங்குனா அப்பவே 60-40 கணக்குல வெளிய வரலாம், ராஜினாமான்னா 20%தான் கையில, 80% ஆன்யுட்டி. வெளிய போறவங்களுக்கு ரெண்டுமே தாராளமா இல்ல, ஆனா என்பிஎஸ் கொஞ்சம் பரவால்ல.

இவ்வளவும் கேட்டுட்டு அவ "அப்ப எனக்கு எது மாமா, எனக்கு கல்யாணமே ஆகல, அம்மா வேற என் கூடத்தான் இருக்காங்க, அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பேன்னு எனக்கே தெரியாது"ன்னா. நியாயமான கேள்வி. என் அத்திம்பேர் போய் எட்டு வருஷம் ஆச்சு, அக்காவுக்கு இவதான் எல்லாம். நான் சொன்ன பதில் இதுதான். என்பிஎஸ்லேர்ந்து யுபிஎஸ்ஸுக்கு வர்றதுக்கு உனக்கு இந்த 30 நாள் மட்டும்தான். யுபிஎஸ்லேர்ந்து என்பிஎஸ்ஸுக்கு போறதுக்கு ரிட்டையர்மெண்டுக்கு ஒரு வருஷம் முன்னாடி வரைக்கும், விஆர்எஸ்னா மூணு மாசம் முன்னாடி வரைக்கும் டைம் இருக்கு, ஒரே ஒரு தடவை, போனா திரும்பி வர முடியாது. அப்படி போறப்போ இத்தனை வருஷமா கவர்ன்மெண்ட் 14%க்கு பதிலா 10% போட்டுதே, அந்த 4% வித்தியாசத்தையும் டீஃபால்ட் ஸ்கீம் வளர்ச்சியோட கணக்கு போட்டு வெளிய வரும்போது கணக்குல சேர்ப்பாங்க. அதாவது இன்னிக்கு யுபிஎஸ் எடுத்தா பின்னாடி என்பிஎஸ் எடுக்கற உரிமையும் கையில இருக்கு, இன்னிக்கு என்பிஎஸ் எடுத்தா அந்தப் பக்கம் பூட்டிக்குது. 24 வயசுல கல்யாணம், புள்ள, உடம்பு, வேலை எதுவும் தெரியாதப்போ, முடிவ தள்ளிப் போட முடியற பக்கம்தான் நிக்கணும், 50 வயசுல உனக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும், அன்னிக்கு 36 வருஷக் கணக்க நிஜமான நம்பர வெச்சு போட்டு பாத்துட்டு மாறிக்கோ. ஒரு விஷயம் மட்டும், டிஸ்சிப்ளினரி நடவடிக்கை ஓடிட்டு இருந்தா மாற விட மாட்டாங்க. வேலைய விடறதா இருந்தாலும் பேப்பர் போடறதுக்கு முன்னாடி இத விசாரிச்சுட்டு போடணும்.

அதே கட்டுல இன்னொரு ஃபார்ம் இருக்கும், அத யாரும் கவனிக்கறது இல்ல. சர்வீஸ்ல இருக்கும்போதே நமக்கு ஏதாவது ஆயிட்டா, இல்ல உடம்பு முடியாம வேலைய விட்டு அனுப்பிட்டா, குடும்பத்துக்கு இந்த ஸ்கீம்படி பலன் வேணுமா, இல்ல பழைய பென்ஷன் ரூல்படி வேணுமான்னு கேக்கற ஆப்ஷன் அது. யுபிஎஸ் எடுத்தவங்களுக்கும் அது உண்டுன்னு 2025-ல ஆர்டர் போட்டாங்க. பழைய ரூல்ல துணையோ புள்ளையோ இல்லாதவங்களுக்கு அவங்கள நம்பி இருக்கற அம்மா அப்பாவுக்கு ஃபேமிலி பென்ஷன் கிடைக்கும். அக்காவ நினைச்சு அவள பழைய ரூலையே எழுதச் சொன்னேன். கல்யாணத்துக்கு அப்புறம் நாமினேஷன மாத்தணும்னும் சொன்னேன்.

இருபத்தி மூணாவது நாள் யுபிஎஸ் போட்டு குடுத்துட்டா, ஃபார்மோட ஜெராக்ஸ்ல செக்‌ஷன்ல சீல் வாங்கி தேதி போட்டு கையெழுத்து வாங்கச் சொன்னேன், அதையும் வாங்கி எனக்கு போட்டோ அனுப்பிட்டா. வர்ற மாச சம்பளம் வந்ததும் பிரான் கணக்குல அவளோட 10% ஏறியிருக்கா, கவர்ன்மெண்ட் பங்கு எவ்வளவு ஏறியிருக்குன்னு ரெண்டு பேரும் சேர்ந்து பாக்கறதா இருக்கோம்.